முதல் தேர்வுக்கு இரண்டு மூத்தவர்கள்

என்னை நானே ஒருமுறை மாற்றுக்குக் கொடுக்கப் பார்த்தேன். எதிராளி வாங்கிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உங்கள எட்த்துக்கினா, கூட இன்னா சார் தருவீங்க?" என்று கேட்டார். பழைய டிவியை எடுத்துப்போக வருகிறவர், ரிமோட் இருக்கிறதா என்று கேட்பாரே, அந்தக் குரல். ஐம்பதை நெருங்கும் வயதில், பம்மலில் ஒரு டீக்கடை வாசலில், பாதி குடித்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சந்தையில் என் மதிப்பு என்னவென்று தெரிந்துகொண்டேன்.

இந்த நிலைமையை உண்டாக்கியவனும் நான்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள நாலு ஊர்களில், தொப்பை விழுந்த பிறகும் கூடைப்பந்தை விடாத ஆண்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். சேலையூர் எங்கள் அணி. மற்றவை சிட்லப்பாக்கம், பம்மல், கோவிலம்பாக்கம். ஞாயிறு மாலை நாலரை மணிக்கு ஆட்டம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எந்த வீட்டிலும் நிச்சயதார்த்தம் கிடையாது, புதுமனை புகுவிழா கிடையாது, சீமந்தம் கிடையாது, புது வண்டிக்குப் பூஜை கிடையாது. ஆகவே ஆண்கள் கிடைப்பார்கள். ராகுவை நம்பாத நானே அவருக்கு நன்றி சொல்லித்தான் ஷூ கயிற்றைக் கட்டுவேன்.

நான் சேலையூர் அணியின் கேப்டன். ஆட்டத்திறமைக்காக அல்ல, அணியின் வாட்ஸப் குழுவைத் தொடங்கியவன் நான் என்பதற்காக. தவிர, அமெரிக்காவில் நடக்கும் தொழில்முறை ஆட்டங்களைக் காலைக் காபியோடு போனில் பார்க்கிற பழக்கமும் எனக்கு இருந்தது. அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் புதிதாக வரும் ஆட்டக்காரர்களை எல்லாம் ஒரு பொதுப் பட்டியலில் போட்டு, போன வருடம் கடைசியில் நின்ற அணியை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்த முதல் தேர்வு உரிமைக்காக மற்ற அணிகள் தங்கள் மூத்த ஆட்டக்காரர்களைத் தூக்கிக் கொடுக்கும். பத்து வருடம் உழைத்தவன் ஒரு மதிய நேரத்தில் வேறு ஊர்க்காரனாகிவிடுவான். யாரும் அவனைக் கேட்பதில்லை. அந்த இரக்கமின்மையில் எனக்கு ஒரு கவர்ச்சி. வீட்டில் டிவி எந்தச் சேனலில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கக்கூட அதிகாரமில்லாதவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

இந்த முறையை நம் நாலு அணிகளும் பின்பற்றலாமே என்று வருடாந்தரக் கூட்டத்தில் விளக்கினேன். ஒருவருக்கும் புரியவில்லை. அதனால் எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது.

அடுத்த வருடம் பம்மல் கடைசியில் நின்றது. அவர்கள் மோசமாக ஆடியதால் அல்ல. பல ஞாயிறுகளில் அவர்களுக்கு ஐந்து பேர் சேரவில்லை. மூன்று பேர் வந்து, கொஞ்சநேரம் கூடையில் பந்தைப் போட்டுவிட்டு, வெற்றியை எதிரணிக்குக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நாங்கள் மூன்றாவது. ஐந்து பேரும் வந்து, முழு ஆட்டமும் ஆடி, முறைப்படி தோற்றவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் புதியவர் வந்தார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இஞ்சினியர். சேலையூரில் வீடு எடுத்திருந்தார். எங்கள் மைதானத்துக்கு வந்து, "சார், இங்க பேஸ்கட்பால் ஆடறாங்களாமே?" என்றார். கேட்டுக்கொண்டே, குதிக்காமல், குதிகாலை மட்டும் தூக்கி, வலையின் நுனியைப் பிடித்துப் பார்த்தார். நாங்கள் எட்டுப் பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வலையைக் கழற்றித் துவைக்க எங்களுக்கு ஏணி தேவைப்பட்டிருந்தது.

பக்கத்தில் உட்காரவைத்து விசாரித்தேன். காலேஜில் ஆடியிருக்கிறார். முழங்கால் நன்றாக இருக்கிறது. சொந்தமாக ஷூ இருக்கிறது. ஷிப்ட் பகலில்தான், ஞாயிறு விடுமுறை. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். நம்மவர்கள் ஒரு ஆளைப் பார்த்ததும் கேட்கிற இரண்டு கேள்விகளை மட்டும், நான் படித்தவன் என்பதால், கேட்கவில்லை. எந்த ஆளுங்க என்பது ஒன்று. அதைக் கேட்காததில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

விதிப்படி அவர் பொதுப்பட்டியலுக்குப் போனார். முதல் தேர்வு பம்மலுடையது. அந்த விதியைக் கொண்டுவந்த நானே வாசலில் நிற்கிற ஆளை உள்ளே கூப்பிட முடியாமல் நின்றேன்.

பம்மல் அணியின் கேப்டன் தோல் கையுறை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். என் வயதுதான் இருக்கும். பேரம் பேசப் போனபோது அவர் டீ சொன்னார். நான் புதியவரைப் பற்றி அக்கறையில்லாதவன்போல ஆரம்பித்தேன்.

"அந்த நெட்டையா வந்துகீறாரே, அவுருதானே சார்? எட்த்துக்கோங்க."

"சும்மாவா?"

"சும்மா இன்னாத்துக்கு? எனக்கு ரெண்டு பெரிய ஆளு குடுங்க. ஹைட்டு வேணாம். வயசு வேணும்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். "சின்னப் பசங்கள வெச்சுகினு நான் பட்ட பேஜாரு போதும் சார். ஒருத்தன் வூடு கட்றான். ஒருத்தனுக்குக் கொயந்த பொறந்துகீது. ஒருத்தன் பொண்ணு பிளஸ் டூ, அப்பன் வூட்ட வுட்டு நவுர மாட்டேன்றான். எனக்கு எல்லாம் முட்ச்ச ஆளு வேணும். வூடு கட்டி முட்ச்சிருக்கணும், புள்ளைங்க படிச்சு முட்ச்சிருக்கணும். ஞாயித்துக்கெயம வூட்ல யாரும் தேடக் கூடாது. உங்களாண்ட ரெண்டு பேரு அப்டி கீறாங்க."

அந்த இருவர் யாரென்று எனக்கு உடனே தெரிந்தது. ஒருவர் எங்கள் காலனியின் இன்ஷூரன்ஸ்காரர். மூலையில் நின்று தூரத்திலிருந்து எறிவார். மூன்றுக்கு ஒன்று விழும். தடுப்பாட்டம் ஆடச் சொன்னால் அது வேறு டிபார்ட்மென்ட் என்பதுபோல் பார்ப்பார். அவரைக் கொடுப்பதில் எனக்குத் துக்கமில்லை. அவரிடம் சொன்னபோது, "பம்மல்லயா? அங்க இன்னும் நான் யாருக்கும் பாலிசி போடலியே சார்" என்று முகம் மலர்ந்தார்.

இன்னொருவர் கணக்கு வாத்தியார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பதினைந்து வருடப் பழக்கம். இன்னும் ஒருவரை ஒருவர் சார் என்றுதான் கூப்பிடுகிறோம். எல்லா ஆட்டத்துக்கும் அவர் ஸ்கூட்டரின் பின்னால்தான் நான் போவேன். எனக்கென்று ஒரு ஹெல்மெட்டை அவரே வாங்கி, முன்னால் கொக்கியில் மாட்டியிருப்பார். அவரால் ஓட முடியாது, குதிக்க முடியாது. வலது முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு சீசன், மிஞ்சிப்போனால் இரண்டு, அப்புறம் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி இறந்து சில வருடங்களாகின்றன. மகன் பெங்களூரில். வாரத்தில் அவர் சட்டையைக் கால்சட்டைக்குள் விடாமல் வெளியே வருகிற நாள் ஞாயிறு மட்டும்தான். எங்கே, யாரோடு அந்தக் கடைசி சீசனை ஆடுவது என்பது அவருக்குச் சின்ன விஷயமில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அவரைத் தராசில் வைத்தேன்.

தராசு என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. காலை நடையில் எனக்குள் முணுமுணுத்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான். எதிராளி தவறு செய்தால் தடுப்பில்லாமல் எறியக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவை வாத்தியார் தவறவிடமாட்டார். பந்தை இரண்டு கையாலும் முழங்காலுக்கு நடுவே பிடித்து, தொட்டியிலிருந்து தண்ணீர் மொள்வதுபோலக் கீழிருந்து மேலே விடுவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பந்து உள்ளே விழும். ஒரு இடத்தில் நின்றால் அந்த இடம் அவருடையது. அவரைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் மற்றவன் மூச்சு வாங்கிவிடுவான். பாஸ் கொடுத்தால் அது நம் கைக்கே வரும். இன்னொரு தட்டில் புதியவரின் உயரம். கூடையில் பட்டுத் திரும்புகிற பந்தெல்லாம் எங்களுக்கே. இன்னும் பத்து வருடத்துக்கு. தேய்ந்துகொண்டிருக்கிற முழங்காலா, வளர்ந்து முடிந்த ஆறடி நாலங்குலமா? அமெரிக்காவில் இதற்குக் காபி ஆறுவதற்குள் பதில் கிடைத்துவிடும்.

தவிர, நான் வாத்தியாரை ஆடவிட்டதும் குறைவு. முழங்காலைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான் இறக்குவேன். அதுவரை பெஞ்சில் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல். அவர் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. அதைப் பெருந்தன்மை என்று நான் எழுதிவைத்துக்கொண்டேன்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதாவது, பழைய மிக்ஸியக் குடுத்துட்டு புதுசு வாங்கற எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்."

"அவ்ளோ சாதாரணமா சொல்லாத."

"சரி, ரெண்டு மிக்ஸி. வாத்தியார் சார்கிட்ட கேட்டீங்களா?"

"அதெல்லாம் கேக்கற வழக்கமில்ல."

"யார் வழக்கம்?"

"அமெரிக்கால."

"அமெரிக்காலயா உங்களைப் பின்னாடி உக்கார வச்சு ஓட்டிட்டுப் போறாரு?"

அன்று ஞாயிறு. அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கேம்ப் ரோடு வழியாகப் போனபோது, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "என்ன சார்?" என்றார். "பள்ளம் சார், பாத்து" என்றேன். அவர் பார்த்து ஓட்டினார். திரும்பி வரும்போதும் ஒரு பள்ளத்தைத்தான் காட்ட முடிந்தது.

இரண்டு வாரம் இப்படிப் போனபின், என் மனசாட்சி எனக்கே ஆச்சரியமாக ஒரு காரியம் செய்யவைத்தது. ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போனேன். பட்டறைக்காரர் டீக்கடையில்தான் இருந்தார்.

"இன்ஷூரன்ஸ்காரரை எடுத்துக்குங்க. வாத்தியாருக்குப் பதிலா நான் வரேன்" என்றேன்.

தியாகம் செய்கிறவன் எதிராளியின் முகத்தில் ஒரு நெகிழ்ச்சியை எதிர்பார்ப்பான். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"உங்கள எட்த்துக்கினா, கூட இன்னா சார் தருவீங்க?"

"கூடவா? எனக்கும் ஞாயித்துக்கிழமை வேலையில்லை. பையன் படிச்சு முடிச்சாச்சு. வீடும் கட்டியாச்சு."

"அதெல்லாம் கரெக்ட்டுதான் சார். நீங்க வந்துருவீங்க. அதான் யோசனையா கீது." டீயை ஒரு வாய் குடித்தார். "தப்பா எட்த்துக்காதீங்க. நீங்க ஆடும்போது பேசிக்கினே கீறீங்க. எங்காளு ரெண்டு பேரு கோவக்காரனுங்க. ஸ்கோர் போட ஆள் இல்ல, அதுக்கு வேணா வாங்க."

ஸ்கோர் போட வருகிறேன் என்று சொல்ல ஒரு கணம் நாக்கு எழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பிறகு சமாளித்துக்கொண்டு, "சரி, வாத்தியாரே வருவார்" என்றேன். கை குலுக்கினோம். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. தோற்றவனுக்குச் செய்கிற மரியாதை.

இரண்டு நாள் கழித்து, ஞாயிறன்று, வாத்தியாரிடம் சேலையூர் சிக்னலில் சொன்னேன். சிவப்பு விளக்கு. தப்பி ஓட முடியாத இடமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன், அவர் ஓட முடியாதவர் என்பதை மறந்து. அமெரிக்கா, முதல் தேர்வு, அணியின் எதிர்காலம் என்று என்னென்னவோ சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் தெரியவில்லை.

"அப்படியா சார்" என்றார். பச்சை விழுந்தது.

என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டவர் உடனே கிளம்பவில்லை. என்னவோ சொல்லப்போகிறார், திட்டிவிட்டால் தேவலை என்று நின்றேன்.

"சார், அந்த ஹெல்மெட்டக் குடுத்துடறீங்களா? இன்ஷூரன்ஸ் சாரும் நானும் இனிமே ஒண்ணாதானே பம்மல் போணும்."

கழற்றிக் கொடுத்தேன். உள்ளே என் தலை அளவுக்குப் பஞ்சு அமுங்கியிருந்தது. கொக்கியில் மாட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு முதல் நான் பஸ்ஸில் போனேன்.

சீசன் தொடங்கியது. புதியவர் முதல் ஆட்டத்தில் பிரமாதமாக ஆடினார். பந்து மேலே போகும், அவர் கை அங்கே முன்பே போயிருக்கும். வென்றோம். அன்று மாலை நான் என் மனைவியிடம் மிக்ஸியைப் பற்றிப் பேசினேன்.

இரண்டாவது ஞாயிறு அவர் வரவில்லை. போன் செய்தேன். பின்னணியில் பல பேர் பேசுகிற சத்தம்.

"சாரி சார், வேலூர்ல இருக்கேன். பொண்ணு பாக்க வந்தோம்."

நான் கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வி அதுதான். கல்யாணம் ஆயிடுச்சா? தெரியாத பெண்மணிகள் பஸ்ஸில் கேட்பார்கள், ஆட்டோக்காரர் கேட்பார், வீடு வாடகைக்கு விடுகிறவர் கேட்பார். இதைக் கேட்பது அநாகரிகம் என்று நானே பல இடங்களில் பிரசங்கம் செய்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பிறந்த எவனும் தவறவிடாத அந்தக் கேள்வியை, அது உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரே தருணத்தில், நான் நாகரிகமாகத் தவிர்த்திருந்தேன்.

ராகுகாலம் எங்களைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். நாலரைக்கு முன்னால் பஜ்ஜி சாப்பிட்டு எழுந்துவிடுவார்களே. எழுந்துவிடுவார்கள்தான், ஆனால் வேலூரில் எழுந்துவிடுவார்கள். அவர் உயரத்துக்குப் பொருத்தமாகப் பெண் தேடி அவர் வீட்டார் மாவட்டம் மாவட்டமாகப் போனார்கள். வேலூர், ஆரணி, திண்டிவனம். ஜாதகம் பொருந்தினால் உயரம் பொருந்தவில்லை. எங்கள் அணியினர் ஆட்டத்துக்கு முன் கூடிநின்று, "இந்த வாரம் எந்த ஊர் சார்?" என்று கேட்டுக்கொள்வார்கள். சீக்கிரம் ஒரு பெண் அமையட்டும் என்று பெற்றோரைவிட நான் அதிகம் வேண்டினேன். அமைந்தது. ஆரணிப் பெண், நல்ல உயரம். பிறகு நிச்சயதார்த்தம், பத்திரிகை வைத்தல், கல்யாணம், அதன்பின் உறவினர் வீடுகளில் விருந்து. எல்லாம் ஞாயிறுதான்.

பம்மல் என்னவாயிற்று? பம்மலுக்கு ஞாயிறுதோறும் ஐந்து பேர் வந்தார்கள். அவ்வளவே போதுமாக இருந்தது.

சீசனின் பின்பாதியில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஆட்டம். புதியவர் மாமனார் வீட்டில் இருந்தார். எட்டில் இருவரைக் கொடுத்துவிட்டு, வாங்கியவரும் வராத எங்கள் அணியில், ஆள் பற்றாமல் நானே முழு ஆட்டமும் ஆடினேன். எதிரில் கணக்கு வாத்தியார். அவரும் முழு ஆட்டம். முழங்காலில் ஒரு பட்டி கட்டிக்கொண்டு, கூடைக்குக் கீழே ஓரிடத்தில் நின்றார். பந்து அவரிடம் போகும், அவரிடமிருந்து சரியான ஆளுக்குப் போகும். பம்மல்காரர்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒழுங்காக அவரைச் சுற்றி வந்தார்கள். "வாத்யாரே, இப்டிக்கா! வாத்யாரே, மேல!" என்று கூப்பிட்டார்கள். பதினைந்து வருடத்தில் நான் சார் என்பதைத் தாண்டவில்லை.

கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி நாங்கள் முன்னால். வாத்தியார் கையில் பந்து. தடுக்கப் போய் நான் அவர் மேல் விழுந்தேன். எனக்குத்தான் அடி, ஆனால் தவறும் என்னுடையதே. அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. வரிசையில் நின்றுகொண்டு, "சார், முழங்கால் ஒண்ணும் ஆகலியே?" என்றேன். அக்கறைதான், கொஞ்சம் கவனத்தைக் கலைக்கிற எண்ணமும் இருந்தது. அவர் பந்தைக் கீழே இறக்கி, மொண்டு, மேலே விட்டார். விழுந்தது. மறுபடியும் மொண்டார்.

ஆட்டம் முடிந்து டீ. மற்றவர்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் முழங்கால் பட்டியைத் தளர்த்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிவந்துபோயிருந்தார், வியர்த்திருந்தார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் என் தியாகம் வீணாகிவிடக் கூடாது என்று தோன்றியது. இத்தனை மாதம் மூடிவைத்திருந்ததை எடுத்து வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியாது சார். உங்களைக் குடுக்க எனக்கு மனசே வரல. உங்களுக்குப் பதிலா நான் வரேன்னு பம்மல் போய்க் கேட்டேன்."

"தெரியும் சார்" என்றார். "அன்னிக்கே பம்மல் கேப்டன் போன் பண்ணி, நீங்க கேட்டத மட்டும் சொல்லி வச்சுட்டாரு. ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்ல."

அவர் தோளில் கை வைத்தேன். "விடுங்க சார். அதுக்கு ஏன் தூக்கத்த விடணும்?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அவர் எங்க சரின்னு சொல்லிடுவாரோன்னுதான்."